மண்டபத்தில் கரண்டு இருக்கும்போது ஜெனரேட்டர் எதற்கு? ரயில்வே வாரியத்துக்கும் ஐ.சி.எஃப்.புக்கும் ஒரு டீசல் ஃபிட்டரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கும், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பொது மேலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் பொன்மலை டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீட்டர் கேஜ் ஒய்.டி.எம்.4 இன்ஜின்களில் கை பழகி, அகலப்பாதை ஆல்கோ டீசல் இன்ஜின்களுக்கு முதுகைக் கொடுத்தவன். இன்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தச் சிலிண்டர் தட்டுகிறது என்று இன்றைக்கும் சொல்லிவிடுவேன். அந்த எண்ணெய் வாடை இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவன்தான் டீசலை நிறுத்தச் சொல்லி எழுதுகிறேன். எல்லா இடத்திலும் வேண்டாம். தலைக்கு மேல் கம்பி ஓடுகிற இடத்தில் மட்டும்.

போன மாதம் டெல்டாப் பக்கம் ஒரு ஜங்ஷனில் சாயங்காலம் காத்திருந்தேன். பிளாட்பாரத்தில் டெமு என்கிற டீசல் பயணிகள் வண்டியின் ரேக் (கோத்த பெட்டித் தொடர்) ஒன்று நின்றது. கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இன்ஜினை அணைக்கவில்லை. நான் வேலை பார்த்த காலத்திலும் அணைக்க மாட்டார்கள்தான். திரும்பப் பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம். புகை கூரைக்கடியில் தேங்கி, பூக்கூடைகளோடு உட்கார்ந்திருந்த அம்மாமார்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் இருக்கிற அந்தப் பவர் காரின் கூரைக்கு மேலே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில், 25,000 வோல்ட் கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் கேட்டான்: "தாத்தா, மேலதான் கரண்டு இருக்கே, இது ஏன் அதுல ஓட மாட்டேங்குது?"

முப்பது வருஷம் இன்ஜின் பிரித்தவனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "இது டீசல் வண்டிப்பா" என்றேன். சொல்லி முடித்ததுமே அது பாதிப் பொய் என்று தெரிந்தது. அந்தப் பாதிப் பொய்தான் இந்த மடலுக்குக் காரணம்.

உங்களுக்குத் தெரியாததல்ல, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டெமுவில் சக்கரத்தைச் சுற்றுவது டீசல் இன்ஜின் கிடையாது. லாரி மாதிரி கியர் பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று எதுவும் இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகாது. இன்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது, அது மின்சாரம் தருகிறது, அந்த மின்சாரம் அச்சில் இருக்கிற மோட்டாரைச் சுற்றுகிறது. டெமு என்பதே டீசல் எலெக்ட்ரிக் மல்டிபிள் யூனிட் என்பதன் சுருக்கம்தான், பேரிலேயே எலெக்ட்ரிக் இருக்கிறது. சொந்த மின்நிலையத்தை முதுகில் சுமந்துகொண்டு போகிற மின்ரயில் அது.

கல்யாண மண்டபத்துக்கு ஈ.பி. லைன் வந்து மீட்டரும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பின்கட்டில் ஜெனரேட்டரைப் போட்டுத்தான் விளக்கு எரிப்பேன் என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்தால் பெண் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? "ஏன்யா, ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டா என்ன?" என்று கேட்பார். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஓடுகிற டெமு ரேக்குகளில் வயசு குறைந்தவற்றைப் பொறுக்கி, பேண்டோவும் (கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கிற கூரைக் கை) ட்ரான்ஸ்ஃபார்மரும் வைத்து, கம்பி இருக்கிற இடத்தில் கம்பியிலும் இல்லாத இடத்தில் டீசலிலும் ஓடுகிற மாதிரி மாற்றிக் காட்டுங்கள்.

வேலை நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரியதல்ல, பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற அளவுக்குச் சின்னதும் அல்ல. பழைய 700, 1400 குதிரைத்திறன் பவர் கார்களைத் தொட வேண்டாம். அவை டி.சி. மோட்டாரில் ஓடுபவை. ஆயுள் முடிகிறவரை ஓட்டிவிட்டு மரியாதையோடு அனுப்பிவிடலாம். பின்னால் வந்த 1600 குதிரைத்திறன் வண்டிகள் த்ரீ ஃபேஸ். ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிற மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக மாறி டி.சி. லிங்க் என்கிற இடத்துக்கு வருகிறது. அங்கிருந்து இன்வெர்ட்டர் வழியாக மோட்டாருக்குப் போகிறது. அந்த டி.சி. லிங்க்தான் நமக்கு வாசல். மேலே கம்பியிலிருந்து பேண்டோ எடுக்கிற 25 ஆயிரம் வோல்ட்டை ட்ரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, கன்வெர்ட்டரில் நேராக்கி, அதே டி.சி. லிங்க்கில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அதற்கு அந்தப்பக்கம் இருக்கிற இன்வெர்ட்டரோ மோட்டாரோ கரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கப் போவதில்லை. கன்வெர்ட்டரை இருபக்கமும் வேலை செய்கிற வகையில் வைத்தால், பிரேக் போடும்போது மோட்டார் தருகிற மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கவும் முடியும். இன்றைக்கு அது வெறும் சூடாகப் போகிறது. டெல்டாவில் பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்புகிற வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

ட்ரான்ஸ்ஃபார்மர் பல டன் கனம். ஏற்கெனவே இன்ஜினைச் சுமக்கிற பவர் காரில் அதையும் ஏற்றினால் அச்சுப்பாரம் தாங்காது. அதனால் பவர் காரை ஒட்டியிருக்கிற, இன்ஜின் இல்லாத ட்ரெய்லர் பெட்டியில் வைக்க வேண்டும். எச்.டி. என்கிற உயர் அழுத்த மின்கருவி அறைக்காகச் சில இருக்கைகள் போகும். பேண்டோ மடங்கி உட்காருகிற இடத்தில் கூரையையும் தாழ்த்த வேண்டிவரலாம். டீசல் டேங்கும் உயர் அழுத்த மின்சாரமும் ஒரே ரேக்கில் இருப்பதால் தீத்தடுப்பை முதலிலிருந்து யோசிக்க வேண்டும். ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான லக்னோ ஆர்.டி.எஸ்.ஓ.வின் சோதனைகள், பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் எல்லாம் உண்டு. கம்பியில் மின்சாரம் இல்லாத நியூட்ரல் செக்‌ஷன் வந்தால் டி.ஜே. என்கிற பெரிய பிரேக்கரைத் திறக்க வேண்டும், கம்பி முடிகிற இடத்தில் பேண்டோவை இறக்க வேண்டும். டெமு மட்டுமே ஓட்டிய லோகோ பைலட்டுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசலிலிருந்து கரண்டுக்குத் தாவுகிற வித்தையெல்லாம் முதல் ரேக்கில் வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனில் நிற்கிற இரண்டு நிமிஷத்தில் மாற்றிக்கொண்டால் போதும்.

இரண்டு வகை மின்சாரத்தில் ஓடுகிற வண்டி நம் ஊருக்குப் புதுசா என்றால், அதுவும் கிடையாது. பம்பாயில் 1925இல் தொடங்கிய மின்பாதை 1,500 வோல்ட் டி.சி. நம் சென்னை பீச் – தாம்பரம் பாதையும் 1931இல் அதே டி.சி.யில்தான் தொடங்கியது. 1960களில் அதை 25 ஆயிரம் வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். பம்பாயில் அந்த மாற்றம் முழுதாக முடிய 2016 ஆகிவிட்டது. அத்தனை லட்சம் ஜனம் தினமும் தொங்கிக்கொண்டு போகிற பாதையை மூடிவிட்டா மாற்றினார்கள்? ஒரு பகுதி டி.சி., ஒரு பகுதி ஏ.சி. என்று இருந்த வருஷங்களில் இரண்டிலும் ஓடக்கூடிய புறநகர் ரேக்குகளை விட்டுச் சமாளித்தார்கள். இந்த ஃபைல்களெல்லாம் உங்கள் அலமாரியிலேயே இருக்கும்.

வாரணாசியில் இன்னும் துணிச்சலாகச் செய்தார்கள். இரண்டு பழைய ஆல்கோ சரக்கு இன்ஜின்களைச் சேர்த்து 10,000 குதிரைத்திறன் மின் இன்ஜினாக மாற்றி 2018 பிப்ரவரியில் வெளியே கொண்டுவந்தார்கள். மாற்ற ஆன நாள் 69. பிரதமர் வந்து கொடியசைத்தார். எங்கள் ஷெட்டில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பாதிப்பேர் கைதட்டினார்கள், மீதிப்பேர் இனி நமக்கு வேலை இருக்குமா என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு புது மின் இன்ஜின்கள்தான் வரிசையாக வந்தன. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜின் என்றால் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். டெமுவில் அது நடக்காது. இன்ஜினும் பெட்டியும் சேர்ந்தது ஒரு ரேக், இன்ஜினைக் கழித்தால் நல்ல பெட்டிகளும் கூடவே போய்விடும்.

இனி ஐ.சி.எஃப்.புக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஹரியானாவின் ஜீந்த் – சோனிபட் பாதைக்காக டெமு ரேக் ஒன்றை ஹைட்ரஜனில் ஓட்டும் சோதனைத் திட்டத்தை எடுத்தீர்கள். தரைக் கட்டமைப்பையும் சேர்த்து 111.83 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2025 ஜூலையில் உங்கள் பெரம்பூரிலேயே அந்தப் பவர் கார் சோதனை ஓடியது. படத்தைப் பார்த்து எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. டீசலுக்குப் பதிலாக ஃப்யூயல் செல், வாயு உருளைகள், பேட்டரி, இவ்வளவையும் ஒரு டெமு பவர் காருக்குள் வைக்க முடிகிற கைகளுக்குப் பேண்டோ வைப்பதா கஷ்டம்? ஹைட்ரஜனை எங்கோ தயாரித்து, அழுத்தி, சேமித்து, நிரப்ப வேண்டும். கம்பியில் மின்சாரம் ஏற்கெனவே வந்து நிற்கிறது. புதுசு என்பதால் ஹைட்ரஜனுக்கு மேடை போடுகிறோம், பேண்டோ பழசு என்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும், அதுவும் நானே ஏறிப் பார்த்தது. மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது யார்க்கிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனாள். வண்டி வாயேஜர் வகை, 2000, 2001 வாக்கில் கட்டியது. ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் 750 குதிரைத்திறனில் ஒரு கம்மின்ஸ் இன்ஜின். அதுவும் நம் டெமு மாதிரிதான், இன்ஜின் கரண்டைத் தரும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். காலுக்குக் கீழே அந்த அதிர்வு வந்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது மாதிரி இருந்தது. ஜன்னல் வழியே தலையைத் தூக்கிப் பார்த்தால் மேலே கம்பி. வழி நெடுகக் கம்பி. 1991இலேயே எடின்பரோ வரை மின்மயம் ஆன பாதை அது. ஏறக்குறைய 330 கிலோமீட்டர் கம்பிக்கு அடியிலேயே டீசலைக் குடித்துக்கொண்டு போனோம். "என்னப்பா மேலேயே பார்க்குறீங்க?" என்றாள் மகள்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2010களின் தொடக்கத்தில் அந்த வாயேஜர்களுக்கு நடுவில் பேண்டோவும் ட்ரான்ஸ்ஃபார்மரும் வைத்த புதுப் பெட்டியைச் செருகி இரண்டிலும் ஓடவைக்கலாம் என்று, அவற்றைக் கட்டிய பம்பார்டியர் நிறுவனமே யோசனை சொன்னது. அரசு மட்டத்திலும் பேச்சு நடந்தது. அப்போது அந்த ரயில்களுக்குப் பத்து வயசு, மாற்றுவதற்குச் சரியான வயசு. பேசினார்கள், பேசினார்கள், கடைசியில் கைவிட்டார்கள். அங்கேயே கிரேட் வெஸ்டர்ன் பாதையில் மின்மயம் தாமதமாகி, சில பகுதிகள் வெட்டப்பட்டு, முழு மின்ரயிலாக ஆர்டர் கொடுத்த ஹிட்டாச்சி வண்டிகளிலேயே பிறகு டீசல் இன்ஜின் ஏற்றச் சொன்னார்கள். 2017இலிருந்து இரண்டிலும் ஓடும் அந்த வண்டிகள் ஓடுகின்றன.

இன்னொரு கூத்தும் உண்டு. 1980களின் கடைசியில் கட்டிய பழைய மின்ரயில்களை எடுத்து, அடியில் டீசல் இன்ஜின் மாட்டி, தலைகீழாக மாற்றிப் பார்த்தார்கள். முப்பது வயசான வண்டி. வருஷக்கணக்கில் தாமதம், கோளாறு. கடைசியில் வாடகைக்கு எடுப்பதாக இருந்த ஒரு கம்பெனி, ஒரு பயணிகூட ஏறாமலேயே திட்டத்தை விட்டுவிட்டது. பத்து வயசில் செய்யாமல் விட்டதையும் முப்பது வயசில் செய்து கெட்டதையும் ஒரே நாட்டில் பார்க்கலாம். நம் 1600 குதிரைத்திறன் ரேக்குகள் இப்போது எந்த வயசில் இருக்கின்றன என்பதை உங்கள் பதிவேட்டைப் புரட்டி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயேஜரிடம் கற்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அங்கே டாலிஷ் என்ற ஊரில் பாதை கடலை ஒட்டிப் போகிறது. அலை உயரமாக அடித்தால் உப்புத்தண்ணீர் கூரைமேல் விழும். பிரேக் சூட்டை வெளியே விடுகிற ரெசிஸ்டர்கள் கூரையில்தான் இருக்கின்றன. உப்புத்தண்ணீர் பட்டு, நடுவழியிலேயே வண்டி நின்றுபோன கதைகள் அங்கே பிரசித்தம். நமக்கு வேதாரண்யம் இருக்கிறது, நாகப்பட்டினம் இருக்கிறது, பாம்பன் இருக்கிறது. உப்புக்காற்று இன்சுலேட்டரில் படிந்தால் என்ன ஆகும் என்று ஓ.எச்.இ. என்கிற மேல்கம்பியைப் பார்க்கிற ஆட்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கூரையில் எதை வைத்தாலும் இதை மனதில் வைத்து வையுங்கள்.

"நாடு முழுக்கக் கம்பி போட்டு முடிக்கப் போகிறோமே, டீசல் இன்ஜினையும் சுமந்துகொண்டு ஓடுகிற வண்டி எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் பாதை முதலில் வரும், கம்பி பின்னால்தான் வரும். 2019இல் திருவாரூர் – காரைக்குடி அகலப்பாதையில் டெமு ஓடத் தொடங்கியபோது, கேட்டுகளுக்கு ஆள் போடாததால் கேட் கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, இறங்கி, கேட்டை மூடி, வண்டியைக் கடக்கவிட்டு, திறந்து, திரும்ப ஓடிவந்து ஏறி... 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல். சைக்கிளில் போகிறவன் டாட்டா காட்டிவிட்டுப் போன கதை இது. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பாதையைத் திறந்தபோதும் டீசல் வண்டிதான் விட்டார்கள். இந்த மாதிரி இடைப்பட்ட வருஷங்களில் கிளைப்பாதை வண்டி கிளைப்பாதைக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். மெயின் லைனுக்கு வந்ததும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். இரண்டிலும் ஓடுகிற ரேக் இருந்தால் வேதாரண்யத்தில் ஏறியவர் திருச்சியில் இறங்கலாம்.

அப்புறம் புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நானே ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டில் வாரக்கணக்கில் சிம்னி விளக்கில் சாப்பிட்டேன். எல்லா வண்டியும் கம்பியை மட்டும் நம்பி இருக்கிற டெல்டாவில் இன்னொரு கஜா வந்தால், அரிசியையும் தண்ணீரையும் ஆட்களையும் ஏற்றிப்போக ஓ.எச்.இ. சரியாகும் வரை காத்திருக்கப் போகிறோமா? டீசல் இன்ஜின்கள் சிலவற்றைப் பேரிடருக்கென்று எடுத்துவைக்கிறீர்கள், நல்லது. சும்மா நின்றால் அவை துருப்பிடிக்கும். ஷெட்டில் இருந்தவனுக்குத் தெரியும், ஓடாத இன்ஜின் அவசரத்துக்கு எழுந்திருக்காது. தினமும் கொஞ்ச நேரமாவது டீசலில் ஓடுகிற பயணிகள் ரேக் அப்படிக் காலை வாராது.

நான் கேட்பது ஒரு ரேக். ஒரே ஒரு ரேக். பெரம்பூரில் முடியாது என்றால் பொன்மலையில் செய்யுங்கள். நீலகிரி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டிலும் புது நீராவி இன்ஜின் கட்டிக்கொடுத்த பணிமனை அது. இருநூறு வருஷத்துப் பழைய தொழில்நுட்பத்தை ரிவெட் அடித்துக் கட்டத் தெரிந்தவர்கள், நூறு வருஷத்துப் பழைய பேண்டோவைப் பொருத்தத் தெரியாதவர்களாக இருக்க மாட்டார்கள். மாற்றிய ரேக்கை ஒரு வருஷம் டெல்டாவில் ஓட்டுங்கள். எவ்வளவு டீசல் மிச்சமானது, எத்தனை தடவை நின்றது, பராமரிப்புக்கு எவ்வளவு ஆனது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கம்பியில் மட்டும் ஓடுகிற புது மெமு வாங்குவதுதான் மலிவு என்று கணக்கு சொன்னால் அந்தக் கணக்கை வெளியிடுங்கள். படித்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்கிறேன். கணக்கே போடாமல், "அதெல்லாம் ஆகாதுங்க" என்று ஒரு வரியில் பதில் அனுப்ப மட்டும் வேண்டாம். என் சர்வீஸில் அந்த வரியை நிறையக் கேட்டிருக்கிறேன், ஆகாது என்றவர்களே பிறகு அதைச் செய்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு ரேக்கும் பி.ஓ.எச். என்று முழுதாகப் பிரித்து மேயப் பணிமனைக்கு வந்துதான் ஆக வேண்டும். அப்போது கூரையும் திறந்திருக்கும், அடிப்பகுதியும் திறந்திருக்கும், ஒயரிங்கும் வெளியே கிடக்கும். அடுத்து உள்ளே வரப்போகிற 1600 குதிரைத்திறன் ரேக் எது என்று உங்களுக்கு இப்போதே தெரியும். அது ஷெட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன் முடிவு எடுங்கள். சோதனை ஓட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டால் வருவேன். பேண்டோவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் டீசலை அணைத்ததும் அந்த வண்டி எப்படி இருக்கிறது என்று ஒருதரம் காதால் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீசல் ஃபிட்டர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி